கை என்ன பண்ணிச்சு?

"கவனமாக" என்ற சொல்லை ஹில்க்கா ரப்பரால் அழித்தாள். அடுத்த வரியில் "பக்குவமாக" என்று இருந்தது. அதையும் அழித்தாள். என் வேலையைப் பற்றி அவள் கேட்டு வாங்கிய அந்தக் காகிதத்தில் மூன்றாவதாக நான் பெருமையோடு எழுதியிருந்த "அனுபவத்தால்" என்ற சொல்லின் மேல் ரப்பரை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓஸ்மோ, இதெல்லாம் உன்னப் பத்தி நீ வெச்சிருக்கிற அபிப்பிராயம். வேலை எங்க? கை என்ன பண்ணிச்சு? அதச் சொல்லு."

கை கைப்பிடியைப் பிடித்தது என்றேன். எந்தக் கை என்று கேட்டாள். இரண்டும் என்றேன். முதலில் எது என்று கேட்டாள். பத்தொன்பது வருடமாகக் காட்டுக்குள் சுமை வண்டி ஓட்டுகிறேன். எந்தக் கை முதலில் அசைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். "தெரியாது" என்பதை அழிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்பு உப்பு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். அபிப்பிராயம் சொன்னால் மிட்டாய் கிடையாது, உண்மை சொன்னால் உண்டு. இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு.

ஹில்க்கா ரௌத்தியோவுக்கு வயது ஐம்பத்து நான்கு. மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. கம்பெனிக் காகிதத்தில் அதற்கு "வேலைப் பகுப்பாய்வு" என்று பெயர். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். எந்தத் துண்டில் திறமை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, இந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர் இன்னதை இவ்வளவு செய்தால் தேர்ந்த ஓட்டுநர் என்று ஓர் அளவுகோல் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அளவுகோலுக்குக் கீழே இருப்பவர் வண்டியை விட்டு இறங்கவேண்டியதுதான். அதனால் அவள் கார் காட்டுப் பாதையில் வருவதைப் பார்த்தாலே நாங்கள் பாதிக் காபியைக் கொட்டிவிட்டு வண்டியில் ஏறிவிடுவோம்.

பேனா மை குளிரில் உறைந்துவிடும் என்பதால் கோடையிலும் பென்சில்தான். ரப்பரை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். இரண்டு கையிலும் கடிகாரம். வலது கைக் கடிகாரம் மணி பார்க்க, இடது கைக் கடிகாரம் வேலையை அளக்க. நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டாள். காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீல நிற பெர்ரி வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தாள். என் மனைவி காபி போடுவதைப் பதினாறு வேலையாகப் பிரித்துச் சொல்லி, ஒன்பதாவதாகக் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவது மட்டும் எதற்கென்று விளங்கவில்லை என்றாள். என் மனைவி அவளை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கரண்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பின்லாந்தில் எங்கள் காயினூ பக்கத்துக் காட்டில் இரண்டு வண்டிகள் சேர்ந்துதான் வேலை செய்யும். முன்னால் அறுப்பு வண்டி போகும். அது மரத்தைப் பிடித்து, அடியில் அறுத்து, கிளை சீவி, அளந்து, துண்டு போட்டுக் கீழே வைத்துவிட்டு நகரும். பின்னால் என் சுமை வண்டி. கிடக்கும் துண்டுகளை இரும்புக் கையால் அள்ளி முதுகில் ஏற்றி, ரோட்டோரம் கொண்டுவந்து அடுக்கும். அறுப்பு வண்டிக்குள் ஒரு கணினி உண்டு. எத்தனை கன மீட்டர் அறுத்தோம் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைக்கும். கம்பெனி மேலாளர் ரைமோவுக்கு அந்தக் கணினிமேல் அலாதிப் பிரியம். ஒரு காலத்தில் அவனும் சுமை வண்டி ஓட்டியவன்தான். கழுத்துப்பட்டை கட்டிய பிறகு கணினி சொல்வதை மட்டுமே நம்ப ஆரம்பித்தான்.

அவன் முன்கூட்டியே ஓர் எண்ணை முடிவு செய்து வைத்திருந்தான். தேர்ந்த ஓட்டுநர் என்றால் மணிக்குப் பதினைந்து கன மீட்டர் அறுக்க வேண்டும். எங்கள் பிரிவில் அறுப்பு வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். யார்மோ பதினேழு அறுப்பான். துய்யா பதின்மூன்று. ஹில்க்கா வந்து அளந்து, ஆமாம் பதினைந்துதான் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து துய்யா வண்டியில் இருக்க மாட்டாள். அது துய்யாவுக்கும் தெரியும். முப்பத்தாறு வயது. பதினேழு வயதில் அந்த இருக்கையில் ஏறியவள், வேறு எதுவும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

துய்யா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பின்லாந்தில் முதலாளியானாலும் கூலியாளானாலும் எல்லோருக்கும் "நீ"தான். மரியாதையைப் பேசாமல் இருந்து காட்டுவோம். அந்தக் கணக்கில் துய்யாவைவிட மரியாதை தெரிந்தவர் எங்கள் மாவட்டத்திலேயே கிடையாது. மதியம் நெருப்பில் சாசேஜ் வாட்டும்போது யார்மோதான் பேசுவான். "என்ன துய்யா, இன்னைக்கும் காட்டுக்குத் தலை சீவி விட்டியா?" என்பான். அவள் சாசேஜைத் திருப்பிப் போடுவாள். நான் சிரிப்பேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் ஹில்க்கா யார்மோவின் வண்டியில் ஏறினாள். ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். யார்மோ அன்று மணிக்கு இருபத்தொன்று அறுத்தான். சாயங்காலம் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹில்க்கா நோட்டைத் திறக்கவே இல்லை. இரண்டாம் நாளும் திறக்கவில்லை. யார்மோவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு வேலை செய்கிறேன், ஒன்றையும் எழுதவில்லையே என்று கேட்டான்.

"மொத ரெண்டு நாள் எனக்காக ஓட்டுவ. மூணாவது நாள்தான் உனக்காக ஓட்டுவ" என்றாள் ஹில்க்கா.

இதை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்பதை அந்த வாரக் கடைசியில் நெருப்பருகே வாளிமேல் உட்கார்ந்து அவளே சொன்னாள். இருபது வருடத்துக்கு முன்னால் தெற்கே ஒரு துறைமுகத்தில் கட்டை ஏற்றும் கிரேன் வேலையை அளக்கப் போயிருக்கிறாள். என்ஸியோ என்று ஒருவன், பிரமாதமான கைத்திறமைக்காரன். கடிகாரத்தோடு ஒரு பெண் வந்து பின்னால் உட்கார்ந்ததும் அவன் மூன்று நாள் பறந்திருக்கிறான். அவள் மூன்று நாளையும் எழுதிக்கொண்டு, அதையே அளவுகோலாகக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் பதினோரு பேர் அந்த மூன்று நாளின் வேகத்தில் வருடக்கணக்காக ஓட்டவேண்டியிருந்தது. என்ஸியோவும்தான். நான்காவது வருடம் அவனால் காபிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை, மணிக்கட்டு போய்விட்டது. சொல்லிவிட்டு ஹில்க்கா வாளியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். தவறு செய்தவர்கள் பொதுவாக அந்தத் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் தவறை மறந்துவிடுவார்கள். இவள் இரண்டையும் செய்யவில்லை. அன்றிலிருந்துதான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

இரண்டாவது வாரம் துய்யாவின் வண்டி. யார்மோவின் வேலையில் முப்பத்தொரு அசைவு எழுதியவள், துய்யாவின் வேலையில் நாற்பத்து மூன்று எழுதினாள். கூடுதலாக இருந்த பன்னிரண்டும் எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. மரத்தை அறுத்த பிறகு துய்யாவின் வலது கை ஒரு கணம் நிற்கிறது. மரத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தலையை அரைச்சுற்று திருப்பிக் கிளைகளைத் தன் வண்டி போகப்போகும் பாதையிலேயே சீவிப் போடுகிறாள். கட்டையைக் கீழே வைத்த பிறகும் அதன் முனையை ஒருமுறை தட்டி நேராக்குகிறாள். ஒவ்வொன்றும் இரண்டு விநாடி, மூன்று விநாடி. கூட்டினால் மணிக்கு நான்கு கன மீட்டர். துய்யா மெதுவாக ஓட்டவில்லை, இந்தப் பன்னிரண்டு அசைவுக்காகத்தான் அவளுக்கு நேரம் போகிறது என்பது ஹில்க்காவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் தெரியவில்லை.

ஏன் என்று கேட்டாள். துய்யா தோளைக் குலுக்கினாள். மறுநாள் கேட்டாள். "அப்படித்தான்" என்றாள் துய்யா. ஹில்க்கா அதை எழுதி, உடனே அழித்தாள். மூன்றாம் நாள் காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் கேட்டாள். ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்டால் எங்கள் ஊரில் அதை விசாரணை என்றுதான் சொல்வார்கள். துய்யா நான்காம் நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. ஹில்க்காவும் மடக்கு இருக்கையை விட்டு இறங்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. முழங்கால் முகவாயில் இடிக்க, எட்டு மணி நேரம் இரண்டு பெண்கள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு, பாதி எரிச்சலோடு துய்யா சொன்னாள்:

"பின்னாடி ஒருத்தன் வர்றான்ல."

ஹில்க்கா பையிலிருந்த உப்பு மிட்டாய்ப் பொட்டலத்தை முழுதாக அவள் கையில் வைத்துவிட்டு நேராக என் வண்டிக்கு வந்தாள்.

பின்னால் வருகிற அந்த ஒருத்தன் நான்தான்; இருவர் அறுக்கும் பக்கமும் மாறி மாறிப் போவேன். ஹில்க்கா மூன்று நாள் என் மடக்கு இருக்கையில் உட்கார்ந்தாள். துய்யா அறுத்த பக்கம் ஒன்றரை நாள், யார்மோ அறுத்த பக்கம் ஒன்றரை நாள். பன்னிரண்டு கன மீட்டர் ஏற்றி ரோட்டோரம் இறக்கி வர, துய்யாவின் பக்கம் எனக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. யார்மோவின் பக்கம் அறுபத்தெட்டு. யார்மோ கட்டைகளை விழுந்த இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவான். பலகைக்குப் போகும் கட்டையும் காகிதத்துக்குப் போகும் கட்டையும் ஒரே குவியலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், மேலே கிளை மூடியிருக்கும். பாதையில் கிளை மெத்தை இருக்காது. சேற்று மண்ணில் முழுச் சுமையோடு போனால் வண்டி இறங்கிவிடும் என்று நான் பாதிச் சுமையோடு இரண்டு தடவை போவேன். மாலையில் நேரம் போதாமல் விட்டுவந்த குவியல்கள் பனி விழுந்தால் மூடிக்கொள்ளும். வசந்தத்தில் கண்டெடுக்கும்போது கட்டை பூஞ்சை பிடித்து நீலம் பாரித்திருக்கும், பலகைக்கு ஆகாது. யார்மோவின் கணினி அதையெல்லாம் அறுத்த கட்டையாகத்தான் கணக்கில் வைத்திருக்கும்.

இவர்கள் பின்னால் ஓட்டிய ஆறு வருடமும் நான் இதை மண்ணின் குற்றம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேகமாக ஏற்றிய நாட்களில் என் அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன். அதைத்தான் காகிதத்திலும் எழுதிக் கொடுத்திருந்தேன். ஹில்க்கா இரண்டு எண்களையும் என் முன்னால் நீட்டினாள்.

"நீ நல்ல ஓட்டுநர்தான், ஓஸ்மோ. ஆனா துய்யாவுக்குப் பின்னாடி மட்டும்."

காதுவரை சூடேறியது. அன்று மிட்டாய் கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை கம்பெனி அறையில் கூட்டம். காபி, ஏலக்காய் ரொட்டி, ரைமோ. வெள்ளிக்கிழமைக்குள் அளவுகோல் மேலிடத்துக்குப் போகவேண்டும் என்று அவன் அவசரப்பட்டான். ஹில்க்கா நாற்பத்து மூன்று அசைவையும் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். ஏழாவதிலேயே ரைமோ கையை உயர்த்தினான். அறுப்பு வண்டியின் அளவுகோல் கேட்டால் சுமை வண்டியின் கதை எதற்கு, அது வேறு ஓட்டுநர், வேறு கணக்கு என்றான். பதினைந்து என்று போட்டுக் கையெழுத்திட்டால் முடிந்தது, இல்லாவிட்டால் கையெழுத்திட வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னான். துய்யா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் என் வாயில் வந்ததெல்லாம் அபிப்பிராயமாகவே இருந்தது.

ஹில்க்கா நோட்டை மூடினாள். "என் கையெழுத்துல ஒரு ஆளோட மணிக்கட்டு ஏற்கெனவே போயிருக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பூட்ஸ் போட்டுக்கிட்டு வா, ரைமோ. ஓஸ்மோ வண்டிய நீ ஓட்டு. அதுக்கப்புறமும் பதினஞ்சுன்னு சொன்னா, நான் கார எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டத் தெரியாதா என்று நான்கு பேர் முன்னால் கேட்டது போலாகிவிட்டதால்தான் வந்தான் என்று நினைக்கிறேன். முதலில் யார்மோவின் பக்கம். ரைமோ என் இருக்கையில் ஏறினான். ஹில்க்காவும் நானும் முப்பது மீட்டர் தள்ளி ஒரு பாறைமேல் நின்றோம். அவள் கையில் ரேடியோ. முதல் குவியலுக்கே இரும்புக் கை போனது, வந்தது, மறுபடி போனது.

"கை என்ன பண்ணிச்சு?" என்று ரேடியோவில் கேட்டாள்.

கரகரவென்று சத்தம். பிறகு ரைமோவின் குரல். "தொறந்துச்சு. மூடிச்சு. காகிதக்கட்டை கூடவே பலகைக்கட்டையும் வந்துச்சு. கீழ போட்டேன். கெளைய ஒதுக்கினேன். மறுபடி தொறந்துச்சு. ஒண்ணு நழுவிச்சு. மறுபடி…" அங்கேயே நிறுத்திக்கொண்டான். கால் மணி நேரத்தில் வண்டியின் இடது சக்கரம் முழங்கால் அளவு இறங்கிவிட்டது. அவனே பின்வாங்கி, அவனே பாதிச் சுமையோடு கிளம்பினான். பழைய கைதான், மறக்கவில்லை. ஆனாலும் எழுபத்து நான்கு நிமிடம் ஆனது.

பிறகு துய்யாவின் பக்கம். குவியல்கள் பாதையோரம் வரிசையாக, முனை தட்டி, வகை பிரித்து இருந்தன. கிளை மெத்தைமேல் முழுச் சுமையோடு வண்டி போனது. ஹில்க்கா அதே கேள்வியைக் கேட்டாள்.

"தொறந்துச்சு. மூடிச்சு. தூக்கிச்சு."

இரும்புக் கை அடுத்த குவியலுக்குப் போனது. அப்புறம், "அவ்வளவுதான்" என்றான் ரைமோ.

அவன் இறங்கி வந்ததும் ஹில்க்கா பையைத் தடவி, அடியில் கிடந்த ஒரே ஒரு உப்பு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு, துய்யா அறுத்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்தபடி, காகிதத்தை எடு என்றான். பிறகு அந்தப் பாறைமேலேயே காகிதத்தை வைத்து எழுதினார்கள். அளப்பது காட்டுக்குள் அல்ல, ரோட்டோரத்தில். இரண்டு வண்டியும் சேர்ந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தது மணிக்குப் பன்னிரண்டு. ஒரே பிடியில் எடுக்கக்கூடிய குவியல். நான்கு விரலுக்கு மேல் இறங்காத சக்கரத் தடம். நிற்கிற மரங்களில் நூற்றுக்கு நான்குக்கு மேல் பட்டை உரியக்கூடாது. "கவனமாக" என்ற சொல் எங்கேயும் இல்லை. அந்தக் கணக்கில் துய்யா பதின்மூன்று வந்தாள், யார்மோ பத்தரை. ஹில்க்கா அவனுக்கு மூன்று மாத அவகாசமும், துய்யாவின் பன்னிரண்டு அசைவுகளின் பட்டியலும் எழுதி வைத்தாள். யார்மோ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், அந்தக் கிளையை எந்தப் பக்கம் திருப்புகிறாய் என்று அவன் துய்யாவிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அவள் ஆறு வார்த்தையில் பதில் சொன்னாள். அவளுக்கு அது பெரிய பிரசங்கம்.

துய்யா நன்றி சொல்லவில்லை. ஹில்க்கா கிளம்பும் அன்று அறுப்பு வண்டி ஒரு நிமிடம் நின்றது, முன்விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. ஹில்க்கா வாளியைக் காரில் ஏற்றினாள். காட்டுப் பாதையின் வளைவில் மழைநீர் தேங்கிய இடத்தில் கார் சிக்கி, உறுமி, சேற்றை வாரி இறைத்து, ஒரு வழியாக மேடேறியது. போய்விட்டாள் என்று நான் திரும்பினேன். கார் நின்றது. ஹில்க்கா இறங்கித் திரும்பி நடந்து வந்தாள். ஓரத்தில் குவிந்திருந்த கிளைகளை இரண்டு கையாலும் இழுத்து, தன் கார் கிழித்துவிட்டுப் போன பள்ளத்தில் குறுக்குக் குறுக்காகப் போட்டாள். மேலே ஏறி நின்று இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இடது கைக் கடிகாரத்தைப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.